பெயரைக் கூப்பிட்டால் ஒரு நாள்

கேள்வி: என் கணவருக்குக் கீமோதெரபி நடக்கிறது. வெள்ளணு குறைந்துவிட்டதென்று ஐந்து நாள் வயிற்றில் ஊசி போட்டார்கள். அதிலிருந்து இடுப்பெலும்பு வலிக்கிறது என்கிறார். "வெள்ளணு தானாகவே செத்துப்போகும், இந்த ஊசி அதைச் சாகவிடாது" என்கிறான் பிளஸ் டூ படிக்கும் மகன். தானாக ஏன் சாக வேண்டும்?
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: மகன் சொன்னது சரி, ஆனால் பாதிதான்.

என் அப்பா பெரம்பூர் மில் ஒன்றில் பதிலி. சங்கு ஊதுமுன் வாசலில் போய் நிற்பார். பெயரைக் கூப்பிட்டால் அன்றைக்கு வேலை; இல்லையென்றால் தூக்குச்சட்டியோடு வியாசர்பாடிக்குத் திரும்பி நடப்பார். யாரும் விரட்ட வேண்டியதில்லை, கூப்பிடாததே போதும். நியூட்ரோபில் என்ற வெள்ளணுவின் பிழைப்பும் இதுதான் அம்மா. வளர்ச்சிக் காரணி என்று உடம்பே சுரக்கும் ஒரு புரதம் வந்து அதன் மேலுள்ள ஏற்பியைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொடுவது நின்றால், அதுவரை உள்ளே அடங்கிக் கிடந்த வேறு புரதங்கள், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை போடும். காஸ்பேஸ் நொதிகள் செல்லை உள்ளிருந்தே நறுக்கும். பரிசோதனைக்கூடத்தில் இரவு முழுக்க மறந்துபோய் வைத்த ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். மூன்று நான்கு மடலாக இருந்த உட்கரு, கறுத்த உருண்டைகளாகச் சுருண்டிருக்கும். உடம்புக்குள் இப்படிச் சாவதைப் பெருவிழுங்கிச் செல்கள் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

வீண் என்று நினைக்காதீர்கள். கிருமியைக் கொல்லும் நொதிகளை வயிறு நிறைய வைத்திருக்கும் செல் அது. தங்கிவிட்டால் நம் சதையையே அரிக்கும். அதனால்தான் எலும்பு மஜ்ஜை தினமும் பத்தாயிரம் கோடி அளவில் புதிதாகச் செய்து அனுப்புகிறது. சாக மறுக்கும் செல் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்ததே: ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில் கண்டெடுத்த பிசிஎல்-2 என்ற மரபணுவைச் செல்லுக்குள் கூடுதலாக வைத்தால், வளர்ச்சிக் காரணியை நிறுத்தினாலும் அது உயிரோடு கிடக்கிறது என்று 1988-இல் மெல்போர்னில் காட்டினார்கள்.

கணவருக்குப் போட்டது ஃபில்கிராஸ்டிம் வகையாகத்தான் இருக்கும்; அந்த வளர்ச்சிக் காரணியையே மருந்தாகச் செய்தது அது. மகன் விட்ட பாதி இங்கே இருக்கிறது: இருக்கிற வெள்ளணுவின் சாவைத் தள்ளிப்போடுவது சிறு வேலை, மஜ்ஜையை முடுக்கிப் புதியவற்றைச் செய்ய வைப்பதே பெரிய வேலை. இடுப்பெலும்புக்குள் மஜ்ஜை நிறைய உண்டு, வலி அதனால்தான். இந்த ஊசியில் பலருக்கும் வருவது.

வலிக்கு நீங்களாகப் பாரசிட்டமால் கொடுக்காதீர்கள், காய்ச்சலை அது மறைத்துவிடும், டாக்டரைக் கேளுங்கள். தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நடு இரவானாலும் ஆட்டோ பிடியுங்கள்.