பதில்: ராயபுரம் நாடகத்தில் வரும் தூக்கநடைக் கொலை

1950-களின் ராயபுரத்தில் தூக்கத்தில் நடந்து கொலை செய்தவனை 'பைத்தியம்'னு நிரூபித்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பலாமானு கேட்டிருந்தீங்க. முடியாதுங்க. பைத்தியம்னு சொல்லி, அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம் 84-ஆம் பிரிவில் விடுதலை ஆனாலும் பாதுகாப்புக் காவல் உண்டு. வண்டி நேரா கீழ்ப்பாக்கம்தான் போகும். நிரூபிக்கும் பொறுப்பும் உங்க ஆள் தலையில்.

தூக்கநடையையே வாதமா வையுங்க. ஸ்காட்லாந்தில் 1878-இல் சைமன் ஃப்ரேசர், ஏதோ மிருகம் பாயுதுனு தூக்கத்தில் நினைத்து, தன் கைக்குழந்தையையே கொன்றார். இனி தனியாத்தான் படுப்பேன்னு உறுதி வாங்கிக்கொண்டு விட்டுட்டாங்க. 1846-இல் பாஸ்டனில் கொலை வழக்கில் சிக்கிய ஆல்பர்ட் டிரெல்லின் வக்கீலும் தூக்கநடையைச் சொன்னார், விடுதலையும் கிடைத்தது. ஆனா அவன் நியூ ஆர்லியன்ஸ் வரை ஓடியவன். அவன் தூக்கத்தில்தான் செய்தான்னு எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை. உங்க ஆள் காசிமேட்டுக்கு ஓடுகிற காட்சியை எடுத்துடுங்க, அரசு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார்.