காஸ் அடிக்க முதல் காற்றைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 1997ஆம் ஆண்டு கொரோலா கார். கல்லடியில் புறப்படும்போது ஏசி நல்ல குளிர். களுவாஞ்சிக்குடியை நெருங்கும்போது நடுத் துவாரங்களில் காற்று வருவதில்லை, புளோவர் இரையும் சத்தம் மட்டும் கேட்கிறது. இடப்பக்கக் கால்மிதியும் நனைகிறது. இரண்டு தரம் ஏசி காஸ் (குளிரூட்டும் வாயு) அடித்தாயிற்று.
(வாசகர், கல்லடி)

பதில்: தொடக்கத்தில் நன்றாகக் குளிர்கிறது என்றால் முதல் சந்தேகம் காஸில் அல்ல. அடுத்த தடவை காற்று குறையும்போது ஏசி பட்டனை மட்டும் நிறுத்தி, புளோவரை முழு வேகத்தில் 10 நிமிடம் ஓடவிடுங்கள். காற்று பழையபடி வந்தால், காற்றைக் குளிராக்கும் கூலிங் கொயிலில் ஐஸ் கட்டியிருந்தது என்று அர்த்தம். அந்த ஐஸ் உருகும் தண்ணீர்தான், வடிகுழாய் அடைபட்டதால் கால்மிதிக்கு வருகிறது.

கொயில் அழுக்கானால் ஐஸ் கட்டும். இந்த வயதுக் கார்கள் பலவற்றில் கபின் பில்டர் (உள்ளே வரும் காற்றின் தூசியைப் பிடிக்கும் வடிகட்டி) கிடையாது. பெரும்போக வெட்டு முடிந்து தெருவோரம் நெல் காயப்போடும் நாட்களில், ஈரக் கொயிலில் உமித்தூசி கம்பளி போல் படியும். காற்றுப் போக வழியில்லாமல் கொயில் உறைநிலைக்கு இறங்கிவிடும். (அந்தத் தெருக்களில் உள்காற்றுச் சுற்றில் வைத்து ஓடுங்கள்.) கழுவும்போது பிரஷர் வோஷர் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிப்போகும். அலுமினியத்தை அரிக்காத நுரைக் கிளீனரும் மென்மையான பிரஷும் போதும்.

கொயில் சுத்தமாக இருந்தால் தேர்மிஸ்டரை (கொயிலின் வெப்பநிலையை உணரும் பாகம்) பாருங்கள். கொயில் மிதமிஞ்சிக் குளிரும்போது கொம்பிரசரை நிறுத்த வைப்பது அதுதான். கழற்றி ஐஸ் தண்ணீரில் தோய்த்தால் மீட்டரில் ஓம் அளவு இரண்டு மூன்று மடங்கு ஏற வேண்டும். அசையாவிட்டால் மாற்றுங்கள். கொயிலில் செருகிய இடத்திலிருந்து அது கழன்று தொங்கினாலும் இதே வருத்தம்தான்.

வடிகுழாய் இடப்பக்கம், எஞ்சின் அறைத் தடுப்புக்குக் கீழே இருக்கும். மெல்லிய நைலோன் நரம்பை மெதுவாக விட்டு எடுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரால் முழு வேகத்தில் காற்று அடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடும்.

காஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும் என்பது உண்மை. ஆனால் இரண்டு தரம் அடித்த பிறகு இப்போது கூடிப்போயிருக்கவும் இடமுண்டு. உள்ளதை மீட்டெடுத்து, வெக்கூம் போட்டு (குழாய்களில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), பொனட் லேபிளில் உள்ள கிராம் கணக்குக்கு எடை பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பழைய வான் வண்டியில் புளோவர் 4ஆம் நம்பரில் மட்டும் ஓடுகிறது.
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: புளோவரின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் போய்விட்டது. 4இல் கரண்ட் ரெசிஸ்டரைத் தொடாமல் நேரே போவதால் அது மட்டும் வேலை செய்கிறது. புதியதைப் போட முதல், புளோவர் மோட்டரைக் கையால் சுழற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் அதிக கரண்ட் இழுத்து அடுத்த ரெசிஸ்டரையும் எரிக்கும். கருகிய சொக்கட்டையும் மாற்றுங்கள். ரெசிஸ்டரில் உள்ள வெப்பப் பியூஸை வயரால் இணைத்துவிடுவது தீப்பிடிக்க வைக்கும் வேலை.

கேள்வி: காற்றுத் திசைக் குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் காற்று முன்கண்ணாடிக்கே போகிறது.
(வாசகர், ஏறாவூர்)

பதில்: குமிழ் லேசாகச் சுழன்றால் கேபிள் கிளிப் கழன்றிருக்கும். கிளவ் பெட்டியைக் கழற்றி, குமிழை ஒருவர் திருப்ப, கேபிள் நுனியில் உள்ள நெம்பு அசைகிறதா என்று மற்றவர் பாருங்கள். துவாரத்தால் கறுப்புத் துகள் பறந்தால் காற்றைத் திருப்பிவிடும் உள்கதவின் ஸ்பொஞ்ச் உதிர்கிறது. யூனிட்டை இறக்கிப் புது ஸ்பொஞ்ச் ஒட்ட வேண்டும்.