ஒருத்தருக்காவது தெரிந்திருக்கட்டும்: ஐம்பதைத் தாண்டிய நம்மாட்களுக்குக் கேள்வி பதில்

"எச்.ஐ.வி.யோடு வயதாகிக்கொண்டிருக்கும் கே (ஆண்களை விரும்பும்) அண்ணன்மார்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று போன வாரம் சொல்லிவைத்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஆளை அடையாளம் காட்டக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டு ஊரையும் வயதையும் மட்டும் வைத்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. மலேசியாவில் பினாங்கு ஆயர் ஈத்தாமில் பிளாட்டில் இருக்கும் 64 வயது ஆள். வெள்ளியின் (ரிங்கிட்) மதிப்பு விழுந்துகிடந்த 1998-ல் எனக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. மருந்து வாங்க மோட்டாரை விற்றேன். அரசு மருத்துவமனைகளில் முதல் வரிசை மருந்து இலவசமானது 2006-ல்தான். புதிதாகத் தெரியவந்தவர்களோடு கிளினிக்கில் உட்கார்ந்து பேசுவது இப்போது என் வேலை. சம்பளம் கிடையாது, தே ஓ உண்டு.

செந்தூல், 61: மாத்திரை போட ஆரம்பித்து 15 வருடம். பரிசோதனையில் வைரஸ் தெரிவதே இல்லை. டாக்டர் "பாகுஸ் (நல்லது), அங்கிள்" என்கிறார். ஆனால் தனியாக இருக்கிறேன், சமைக்கப் பிடிக்கவில்லை. சில நாள் மாத்திரை போட்டேனா என்றே நினைவில்லை. தனிமையும் ஒரு நோயா அண்ணே?

நோய் என்று பெயர் வைக்கமாட்டேன். ஆனால் நோய் செய்கிற வேலையைச் செய்யும். 2010-ல் 148 ஆய்வுகளில் இருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நல்ல உறவுகள் உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலம் முடியும்போது உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இது ஊருக்கெல்லாம் பொதுவான கணக்கு. நம் கணக்கு இன்னும் மோசம். 2006-ல் வெளிவந்த நியூயார்க் ஆய்வு ஒன்றில், எச்.ஐ.வி.யோடு வாழும் ஐம்பது தாண்டியவர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் தனியாகத்தான் இருந்தார்கள். நியூயார்க் எங்கோ இருக்கிறது, சரி. படித்தபோது எங்கள் புளோக்கைப் பற்றி எழுதியது போலத்தான் இருந்தது.

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. "சாப்பிட்டாயா?" என்று கேட்க ஆள் இல்லாவிட்டால் இரவுக்கு மெகி மீ போதும் என்று தோன்றும். தூக்கம் கெடும், பிரஷர் ஏறும், மாத்திரை நாளைக்கு என்று தள்ளிப்போகும். அப்புறம், நம் வயதுக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. இந்த நாட்டில் முதல் எச்.ஐ.வி. பதிவானது 1986-ல். நல்ல மருந்து வருவதற்கு முன்னால் போனவர்கள் எத்தனை பேர்! என் பழைய டெலிபோன் புத்தகத்தில் அடிக்காமல் மிச்சமிருக்கும் பெயர்கள் குறைவு. நமக்குத் துணையாக வந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

நானும் பாயான் லெப்பாஸில் இருக்கும் நண்பர் ஒருவரும் தினமும் ஒன்று செய்கிறோம். காலை ஏழரைக்குப் பசியாறும்போது காப்பிக் கோப்பையைப் படமெடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புவோம். பக்கத்தில் அன்றைய மாத்திரையும் இருக்கும். வணக்கம், பூப்படம் எதுவும் கிடையாது. ஒன்பது மணிக்குள் கோப்பை வராவிட்டால் மற்றவர் போன் அடிக்க வேண்டும். ஒரு நாள் ஒன்பதே கால் ஆகியும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. கிராப் பிடித்துப் போனேன். அவர் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் உண்டு. குளியலறைத் தரையில் கிடந்தார். குழாய்த் தண்ணீர் கால் மேல் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "நீ காப்பி குடிச்சியா?"

இடுப்பெலும்பில் விரிசல். எச்.ஐ.வி.க்குப் போடும் டெனோஃபோவிர் மாத்திரையின் பழைய வகை எலும்பைக் கொஞ்சம் மெலிய வைக்கும். அதோடு வயதும் சேர்ந்துகொண்டால் விழுவது சின்ன விஷயமில்லை. ஆகவே அண்ணே, உங்களுக்கு முதலில் வேண்டியது ஒரு கோப்பை ஆள்.

மறதியை மட்டும் தனிமையின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைவு, எஃபாவிரென்ஸ் மாத்திரை என எதுவும் காரணமாக இருக்கலாம். டாக்டர் "பாகுஸ்" என்று சொல்லி எழுந்திரிக்கும் முன்னால் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

பட்டர்வொர்த், 55: 20 வருடமாக ஒரே துணை. அவருக்குத் தொற்று இல்லை. எனக்கு வைரஸ் தெரிவதில்லை என்கிறார்கள், ஆனாலும் பயத்தில் தள்ளியே படுக்கிறேன். அக்கா வீட்டுக்குப் போனால் எனக்குத் தனித்தட்டு.

தள்ளிப்படுத்தது போதும். 2019-ல் முடிவு வெளியான பார்ட்னர்-2 ஆய்வில் உங்களைப் போல ஒருவருக்குத் தொற்றும் மற்றவருக்கு இல்லாமலும் உள்ள 782 கே ஜோடிகள் இருந்தார்கள். ஆணுறை இல்லாமல் 76,000 தடவைக்கு மேல் உறவு. மருந்தால் வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. மாத்திரையை விடாமல் போட வேண்டும், பரிசோதனையைத் தவறவிடக்கூடாது, அவ்வளவுதான். மற்ற பால்வினை நோய்களுக்கு இது காவல் இல்லை என்பதும் ஞாபகமிருக்கட்டும்.

தட்டால், எச்சிலால், கொசுவால் இது எந்தக் காலத்திலும் பரவியதில்லை. அடுத்த தடவை அக்காவின் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துச் சாப்பிடுங்கள். முகம் எப்படிப் போகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

சுங்கை பூலோ, 67: சர்க்கரை, கொலஸ்ட்ரால், கேஸ்ட்ரிக், இதோடு எச்.ஐ.வி. மருந்து. எல்லாவற்றையும் சேர்த்துப் போடலாமா?

எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மருந்தாளரிடம் கொட்டிக் காட்டுங்கள். டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து போடுபவர்கள் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினை நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகவிடுவதில்லை. கேஸ்ட்ரிக்குக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தை அந்த மாத்திரையோடு சேர்க்கக்கூடாது. மாத்திரை 2 மணி நேரம் முன்பு, இல்லையென்றால் 6 மணி நேரம் பின்பு. ரிடோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து போடுபவர்களுக்குக் கொலஸ்ட்ரால் மருந்தான சிம்வாஸ்டாடின் ஆகாது. படுக்கைக்கான நீல மாத்திரையை (வயாகரா) நெஞ்சுவலி மருந்தோடு போட்டால் உயிருக்கே ஆபத்து. இதை வெட்கப்பட்டு மறைப்பவர்கள் அதிகம்.

கொலஸ்ட்ரால் மருந்து எதற்கு என்று சலிக்காதீர்கள். 2023-ல் வந்த ரிப்ரீவ் ஆய்வில், எச்.ஐ.வி.யோடு வாழும் 40 முதல் 75 வயதுக்காரர்களுக்குப் பிடாவாஸ்டாடின் கொடுத்தபோது மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 விழுக்காடு குறைந்தன. இப்போது நம்மைக் கொண்டுபோகக்கூடியது வைரஸைவிட இதயம்தான்.

கிள்ளான் பள்ளத்தாக்கு, 59: மனைவி, பிள்ளைகள் உண்டு. நான் இப்படி என்பதும் தெரியாது, நோயும் தெரியாது. யாரிடம் சொல்வது ஐயா?

தம்பி, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வைரஸ் அடங்குவதற்கு முந்தைய வருடங்கள் இருக்கின்றன. மனைவி பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அது அவருடைய உயிர். எப்படிச் சொல்வதென்று தெரியாவிட்டால் கிளினிக் தாதியிடமோ ஆலோசகரிடமோ கேளுங்கள், உடனிருந்து பேச உதவுவார்கள். நோயைச் சொல்வதும் மனதைச் சொல்வதும் இரண்டு வேலை. ஒரே ராத்திரியில் இரண்டையும் கொட்ட வேண்டியதில்லை.

மற்றபடி எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. கல்யாண வீட்டில் மைக் பிடித்து அறிவிக்கவா போகிறோம்? ஆனால் இரண்டும் தெரிந்த ஓர் ஆள், ஒரே ஓர் ஆள், வேண்டும். அது தங்கையாக இருக்கலாம், பழைய எஸ்டேட் கூட்டாளியாக இருக்கலாம், கோலாலம்பூரில் நம்மைப் போன்றவர்களுக்காக 1987 முதல் இயங்கும் பி.டி. அறக்கட்டளை போன்ற இடத்தில் கிடைப்பவராகவும் இருக்கலாம்.

ஜியார்ஜ்டவுன், 70: நான் முந்திவிட்டால் என்னோடு இருப்பவருக்கு என்ன மிஞ்சும்?

எழுதி வைக்காவிட்டால் ஒன்றுமில்லை. உயில் இல்லையென்றால் 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தவர் என்றுதான் போகும். உயில் எழுதுங்கள், இரண்டு சாட்சி. அவரையே சாட்சியாகப் போட்டுவிடாதீர்கள், அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். "நண்பர்" என்று எழுதினால் போதும். தண்டனைச் சட்டத்தில் நம் உறவைக் குற்றமாக்கும் 377ஏ இருக்கும் நாட்டில் அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

ஈ.பி.எப்-பில் முஸ்லிம் அல்லாதவர்கள் விரும்பியவரை நாமினியாகப் போடலாம், பணம் அவருக்கே. இன்சூரன்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மனைவி, பிள்ளை, பெற்றோர் அல்லாத ஒருவரை நாமினியாகப் போட்டால், அவர் பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் ஆள் மட்டுமே. அவருக்கே சேர வேண்டுமானால் உயிலில் எழுதுங்கள், அல்லது பாலிசியை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். நல்ல வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். மருத்துவமனைப் படிவத்தில் "வாரிஸ்" என்ற கட்டத்தில் நான் என் கோப்பை நண்பர் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன், கவுண்டரில் யாரும் புருவம் தூக்கவில்லை.

பிறை, 52: தைப்பூசத்துக்கு அலகு குத்தலாமா?

உங்கள் வேல் உங்களுக்கு மட்டும், புதியது, இன்னொருவர் உடம்பில் ஏறாதது. இது தொற்று இருப்பவர் இல்லாதவர் எல்லாருக்கும்தான், ஹெபடைடிஸ் பி-யும் அந்த வழியாக வரும். என்னைக் கேட்டால் பால்குடம் போதும், தண்ணீர்மலை ஏற்றமே பெரிய காவடி. விரதத்தில் மாத்திரையை நிறுத்தாதீர்கள். டோலுடெக்ராவிர் வெறும் வயிற்றிலும் போடலாம். ரில்பிவிரின் சாப்பாட்டோடுதான்.

கோலாலம்பூர், 29: எனக்குத் தொற்று இல்லை. மூத்தவர்களுக்கு ஏதாவது செய்ய ஆசை. என்ன செய்யட்டும் அங்கிள்?

முதலில் அங்கிளை விடுங்கள், அண்ணன் போதும். நிதி திரட்டுவது, பதாகை பிடிப்பதெல்லாம் நல்லதுதான். எங்களுக்கு வேண்டியது கிளினிக் நாளில் ஓர் ஆள். காலை ஏழு மணிக்கு நம்பர் எடுத்து, ரத்தம் கொடுத்து, மருந்து வாங்கி வெளியே வர மதியமாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து புறம் பேச ஒருவர் இருந்தால் போதும். பினாங்குப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். மோட்டார் வேண்டாம், என் முழங்கால் ஒத்துழைக்காது. கார் இருந்தால் நல்லது.