தோல் பவளம் நான்கு நாளில் வெளுத்தது ஏன்?

கேள்வி: ஐயா, இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். மூன்றடிக் கடல்நீர்த் தொட்டியில் மென்பவளம் வளர்த்து, துண்டு வெட்டி விற்கிறேன். எட்டு மாதமாகத் தவிட்டு நிறத்தில் செழிப்பாக இருந்த தாய்ப் பவளம், காளான் மாதிரித் தோல் பவளம், நான்கே நாளில் மேல்பக்கம் வெளுத்துவிட்டது. காம்பு பழைய நிறம்தான். மீன், நத்தை, இறால் எல்லாம் நன்றாக இருக்கின்றன. பத்து நாளைக்கு முன் புது எல்.இ.டி. விளக்கு மாட்டினேன். தண்ணீரைச் சுத்தமாக்கும் ஆர்.ஓ. வடிகட்டி பழுதானதால் இரண்டு தடவை பீலித் தண்ணீர் (மலையிலிருந்து வழிந்து வரும் ஊற்றுத் தண்ணீர்) ஊற்றினேன். மத்தியானம் பார்த்தால் வெப்பம் 25 பாகை. இது நோயா? மருந்து போடலாமா, வெட்டி எறியவா?

பதில்: தம்பி, வெட்டவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது தொற்று நோய் மாதிரித் தெரியவில்லை. பவளம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் அதற்குச் சாப்பாடு குறைந்துவிட்டது.

அந்தத் தவிட்டு நிறம், பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். பாசி வெளிச்சத்தில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் பங்கு கொடுக்கிறது. வெளிச்சமோ வெப்பமோ தாங்க முடியாத அளவுக்கு மாறினால், பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். மிஞ்சுவது நிறமில்லாத சதையும் அதற்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்பு முட்களும்தான். அதனால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. 1998இல் கடல் சூடேறியபோது தென்னிலங்கையின் ஹிக்கடுவைப் பவளப்பாறை வெளுத்ததும் இப்படித்தான்.

இன்று இரவு விளக்கை அணைத்த பிறகு டோர்ச் அடித்துப் பாருங்கள். குடையின் ஓரம் அலை அலையாக மடிந்திருக்கும் அல்லவா, அந்த மடிப்பின் உள்பக்கமும் குடையின் அடிப்பக்கமும் எப்படி இருக்கின்றன? அங்கே தவிட்டு நிறம் தங்கியிருந்து, விளக்கைப் பார்க்கிற முகம் மட்டும் வெளுத்திருந்தால் விளக்குதான் காரணம். காம்பு நிறம் மாறவில்லை என்று நீங்கள் சொல்வதும் அதையே காட்டுகிறது. தவறணையில் (நாற்றங்காலில்) வளர்ந்த கன்றைப் பந்தல் நிழலிலிருந்து எடுத்து ஒரே நாளில் மலையில் நடுவீர்களா? நிழலைக் கிழமைக்குக் கிழமை குறைத்துப் பழக்கித்தானே கொண்டுபோகிறோம். புது விளக்கை முதல் நாளே முழு வேகத்தில் எரியவிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இன்றே பாதியாகக் குறையுங்கள், ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் போதும். இரண்டு கிழமை அப்படியே விட்டுவிட்டு, பிறகு கிழமைக்கு ஐந்து வீதம் ஏற்றுங்கள். பவளத்தை இடம் மாற்றி மாற்றி வைக்காதீர்கள்.

தோல் பவளம் சிலவேளை மேலே மெழுகு பூசியது போலப் பளபளத்து, முகைகளை (மேலே பூப்போல விரியும் சின்னக் கைகளை) மூடிக்கொண்டு கிடக்கும். அது தோல் உரிக்கிறது. நீரோட்டம் நன்றாகப் பட்டால் தானாகக் கழன்றுவிடும். உங்களுடையது வெளுத்திருக்கிறது, அதனால் இது அதுவல்ல.

அடுத்தது குளிர். மத்தியானம் 25 பாகை இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. விடியற்காலை ஐந்து மணிக்கு எவ்வளவு? ஹட்டன் பக்கம் தை மாசி இரவுகளில் அறையே குளிர்சாதனப் பெட்டி மாதிரிக் குளிர்ந்துபோகும். வெப்பம் ஏறினால் மட்டுமல்ல, குளிர் கூடினாலும் பவளம் வெளுக்கும். லீட்டருக்கு ஒரு வாட் ஹீட்டர் என்ற கணக்கு தாழ்நிலத்துக்குச் சரி. உங்கள் ஊருக்கு லீட்டருக்கு இரண்டு வாட்டுக்குக் கிட்ட வேண்டும், அதையும் ஒரே பெரிய ஹீட்டராக இல்லாமல் இரண்டாகப் போடுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றது இரவைத் தாங்கும். தொட்டியின் பின்பக்கத்துக்கும் பக்கங்களுக்கும் ரெஜிஃபோம் (தெர்மோகோல்) பலகை ஒட்டினால், கரண்ட் போன இரவிலும் சூடு சீக்கிரம் இறங்காது. விடியலில் வெப்பம் குறைந்திருந்தால் நாளுக்கு ஒரு பாகைக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

இனி பீலித் தண்ணீர். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது இதுதான். பீலிக்கு மேலே தேயிலை இருந்தால், கொழுந்தில் வரும் கொப்புள நோய்க்கு மழைக்காலத்தில் செம்பு கலந்த மருந்து அடிப்பார்கள். தேயிலையைக் காப்பாற்றும் அதே செம்பு, மிகக் கொஞ்சமாக இருந்தாலும் பவளத்துக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. பீலித் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் எண் குறைவாகத்தான் காட்டும், பார்க்கவும் பளிங்கு மாதிரி இருக்கும். கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு என்றுதான் அந்த மீட்டர் சொல்லும், அதில் செம்பு இருக்கிறதா என்று சொல்லாது. உங்கள் நத்தையும் இறாலும் நன்றாக இருப்பதால் இந்தத் தடவை தப்பித்தீர்கள் என்றே நினைக்கிறேன். செம்பு என்றால் முதலில் விழுவது அவைதான், பவளமும் முழுதாகச் சுருங்கியிருக்கும். இருந்தாலும் இனி ஒரு வாளிகூட ஊற்றாதீர்கள். ஆர்.ஓ. வடிகட்டியைத் திருத்தும் வரை, அந்த வடிகட்டி வைத்திருப்பவரிடம் போத்தலில் வாங்குங்கள். அந்தத் தண்ணீரில் உப்புக் கலந்து, தொட்டியில் பத்தில் ஒரு பங்கை மாற்றுங்கள். உப்பின் அளவு, அதாவது உப்புமானி காட்டும் அடர்த்தி எண், 1.025 அல்லது 1.026இல் நிற்கட்டும். தண்ணீரை வடிகட்டும் கரித்தூள் (ஆக்டிவேட்டட் கார்பன்) புதிதாகப் போடுவதானால் கொஞ்சமாகப் போடுங்கள். நிறையப் போட்டால் தண்ணீர் திடீரெனத் தெளிந்து, வெளிச்சம் இன்னும் கூடிவிடும்.

வெளுத்த பவளத்துக்குத் தீனி தேவை. தூளான கடல் உணவைக் கிழமைக்கு இரண்டு தடவை, சிட்டிகை அளவு கொடுங்கள். நைட்ரேட்டைப் பூச்சியமாக்கப் பார்க்காதீர்கள், லீட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருந்தால் பாசி திரும்பக் குடியேற உதவும். நிறம் திரும்பக் கிழமைகள் ஆகும், சிலவேளை மாதங்களும் ஆகும். அதுவரை இந்தத் தாயிலிருந்து துண்டு வெட்டி விற்க வேண்டாம். வாங்கிப் போகிறவர் கையில் அது சாகும்.

ஒரு இடம் கறுத்து, கஞ்சி மாதிரிக் கரைந்து, நாற்றம் அடித்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். புது பிளேடால் நல்ல சதை தெரியும் வரை அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள்.

மூன்று நாள் விடியல் ஐந்து மணி வெப்பத்தையும், மடிப்பின் உள்ளே என்ன நிறம் கண்டீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். விளக்கை எப்போது ஏற்றலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.