கணினி கேள்வி - பதில்: வேர்டில் 60 படம், ஒரே அகலம்

கேள்வி: பட்டுப் பாய், கல்யாணப் பாய், தடுக்கு என்று மாதிரிகளைப் படம் எடுத்து வேர்டில் விலைப்பட்டியல் போடுகிறோம். மொத்தம் 60 படம். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அடுத்த படத்தைத் தொட்டால் முந்தைய படம் விட்டுப்போகிறது. எல்லாவற்றையும் ஒரே அளவாக்க வழி உண்டா?
- வாசகர், பத்தமடை

பதில்: வேர்டு படங்களை வழக்கமாக 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' முறையில்தான் வைக்கும். படமும் ஓர் எழுத்து மாதிரி வரியோடு ஒட்டியிருக்கும். அந்த நிலையில் பல படங்களைச் சேர்த்துப் பிடிக்க முடியாது. 'ராப் டெக்ஸ்ட்' போய் 'ஸ்கொயர்' ஆக்கினால் பிடிக்கலாம். ஆனால் நடுவில் ஒரு வரி சேர்த்தாலே கல்யாணப் பாய் நகர்ந்து தடுக்கு விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். விலைப்பட்டியலுக்கு அது ஆகவே ஆகாது.

படம் வரியிலேயே இருக்கட்டும். முதல் படத்தைக் கிளிக் செய்து, 'பிக்சர் ஃபார்மட்' பட்டையின் வலது ஓரத்து அகலப் பெட்டியில் 7.5 செ.மீ. அடித்து என்டர் தட்டுங்கள். பிறகு அடுத்த படத்தைக் கிளிக், எஃப்4, அதற்கடுத்தது, எஃப்4. கடைசியாகச் செய்த வேலையை மறுபடி செய்வதுதான் எஃப்4. இடையில் விலையைத் திருத்தப் போனீர்களானால் அந்தத் திருத்தத்தைத்தான் அது திரும்பச் செய்யும். லேப்டாப்பில் எஃப்என் விசையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம்.

ஏன் 7.5? வரிக்கு இரண்டு படம் வைக்கத்தான். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இரு பக்கமும் 2.54 விளிம்பு போக மிஞ்சுவது 15.92. எட்டு எட்டாக வைத்தால் 16 ஆகிவிடும், இரண்டாவது படம் கீழே இறங்கிவிடும். நிற்க வைத்து எடுத்த படங்களையும் படுக்க வைத்து எடுத்தவற்றையும் கலக்காதீர்கள்: 4:3 படம் 7.5 அகலத்தில் படுத்தால் உயரம் 5.6, நின்றால் 10 செ.மீ.

இனிமேல்தான் படம் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் டேபிள் போடுவது மேல். 'டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்', 'ஆப்ஷன்ஸ்' போய், உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக அளவு மாறும் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பெரிய படம் கட்டத்தின் அகலத்துக்குத் தானே சுருங்கிக்கொள்ளும்.

கேள்வி: பள்ளி மலரில் படங்கள் எல்லாம் அடிப்பக்கம் மட்டும் கீற்றாகத் தெரிகின்றன. படம் கெட்டுவிட்டதா?
- ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: படத்தில் கோளாறு இல்லை. தமிழ் எழுத்துரு வரிக்கு வரி அதிக இடம் விடுகிறதென்று வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' 16, 18 என்று இறுக்கியிருப்பீர்கள். வரியின் உயரம் அவ்வளவுதான் என்பதால் படத்தில் அவ்வளவுதான் தெரியும். ஒவ்வொரு படமாகக் கையால் திருத்த வேண்டாம். கன்ட்ரோல் எச் அழுத்தி, கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றி, மேல் பெட்டியில் ^ குறியும் சின்ன ஜி எழுத்தும் அடியுங்கள். வரியிலுள்ள படங்களைத் தேடும் குறியீடு அது. கீழ்ப் பெட்டியில் ^& அடித்து, 'மோர்', 'ஃபார்மட்', 'பாராகிராஃப்' வழியாக இடைவெளியை 'சிங்கிள்', வரிசையை 'சென்டர்ட்' ஆக்கி 'ரீப்ளேஸ் ஆல்' கொடுங்கள். மாறுவது பத்தி முழுவதும் என்பதால், படத்தோடு ஒரே பத்தியில் எழுத்து இருந்தால் அதுவும் நடுவுக்கு வந்துவிடும். படத்தை முதலில் தனிப் பத்தியாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: படங்களைச் சின்னதாக்கியும் ஃபைல் மெயிலில் போக மாட்டேன் என்கிறதே?
- வாசகர், களக்காடு

பதில்: தாளில் சுருக்கினாலும், ஓரத்தை வெட்டினாலும் முழுப் படம் உள்ளேயே இருக்கும். 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' போய் 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற டிக்கை எடுத்துவிட்டு, அச்சுக்கு 220, திரையில் பார்க்க மட்டும் என்றால் 150 தேர்ந்தெடுங்கள். சேமித்து மூடிவிட்டால் பழைய தெளிவு திரும்பாது; அசல் படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.