வராத செக் புத்தகம், கேட்காமல் வந்த பார்சல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மேல மாசி வீதியில் கீழே கடைகளும் மேலே சில குடித்தனங்களும் உள்ள கட்டடத்தில் வசிக்கிறோம். தபால்களை மாடிப்படியில்தான் வைத்துவிட்டுப் போகிறார்கள். வங்கி அனுப்பிய செக் புத்தகம் பட்டுவாடா ஆகிவிட்டதாக இணையத்தில் காட்டுகிறது. எங்கள் கைக்கு வரவில்லை.

பதில்: முதலில் வங்கிக்குச் செல்லுங்கள், தபால் நிலையம் அடுத்ததாக இருக்கட்டும். பலர் இந்த வரிசையை மாற்றி, புத்தகத்தைத் தேடுவதிலேயே நாட்களைக் கழித்துவிடுகிறார்கள். காசோலை எண்கள் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் வங்கியின் பதிவில் இருக்கும். அந்த எண்கள் எதற்கும் பணம் தரக்கூடாது என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகலை வாங்கிவிடுங்கள். அதன் பிறகு, பதின்மூன்று எழுத்தும் இலக்கமும் கொண்ட ஸ்பீடு போஸ்ட் எண்ணைக் குறிப்பிட்டு, உங்கள் பகுதிக்குப் பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தில் புகார் அளித்து, கையெழுத்திட்டு வாங்கியவர் யார் என்று கேளுங்கள். கீழ்க்கடைப் பணியாளர் யாரேனும் நல்லெண்ணத்துடன் வாங்கி வைத்து மறந்திருக்கவும் கூடும். ஆனால் உறை பிரிந்திருந்தாலோ ஒரு தாள் குறைந்திருந்தாலோ நிறுத்த உத்தரவை விலக்கிக்கொள்ள வேண்டாம்.

ஏ.டி.எம். கார்டு காணாமல் போவதைவிட இதை நான் பெரிதாக எண்ணுவதற்குக் காரணம் உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 அக்டோபர் முதல் புதிய கார்டுகள் உள்நாட்டு ஏ.டி.எம்.களிலும் கடை இயந்திரங்களிலும் மட்டுமே இயங்கும் நிலையில் தரப்படுகின்றன. இணையப் பயன்பாட்டை நாம்தான் திறந்துவிட வேண்டும், ரகசிய எண்ணும் தேவை. காசோலைக்கு ஒரு கள்ளக் கையெழுத்தே போதும். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளின் விவரத்தை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும் 'பாசிட்டிவ் பே' வசதி 2021 முதல் இருந்தாலும், சிறு தொகைகளுக்கு அந்தக் காவல் இல்லை. இனிமேல் புத்தகத்தைக் கிளையிலேயே நேரில் வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பூட்டுள்ள தபால் பெட்டியில் பெயரையும் கதவு எண்ணையும் எழுதி வாசலில் மாட்டுங்கள்.

கேள்வி: மேலூர் அருகே கிராமத்தில் இருக்கும் என் அப்பத்தாவிடம், உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொல்லி இருவர் ஆதார் எண்ணையும் கைரேகையையும் வாங்கிச் சென்றிருக்கிறார்கள். பணம் எதுவும் போகவில்லை. கவலைப்பட வேண்டுமா?

பதில்: ஆம், இன்றைக்கே செயல்பட வேண்டும். ஊர்களில் வங்கி முகவர் கையடக்க இயந்திரத்தின் மூலம் பணம் தரும் முறையில், ஆதார் எண்ணும் வங்கியின் பெயரும் விரல்ரேகையும் இருந்தால் போதும், கார்டும் ஓ.டி.பி.யும் தேவையில்லை. ரேகையைப் படியெடுத்துப் பணம் எடுக்கும் மோசடிகள் இந்த வழியில்தான் நடக்கின்றன. எம்-ஆதார் செயலியிலோ ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ அவருடைய கைரேகையைப் பூட்டிவிடுங்கள். இதற்கு அவருடைய ஆதாருடன் கைப்பேசி எண் இணைந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் ஆதார் சேவை மையத்திற்கு அவரை அழைத்துச் சென்று எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: பூட்டிய ரேகை ரேஷன் கடையிலும் செல்லாது. பொருள் வாங்கப் போகும்போது தற்காலிகமாகத் திறந்தால், பத்து நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும். இதைச் சொல்லாமல் பூட்டினால், அப்பத்தா கடை வாசலில் நின்று திரும்பி வர நேரிடும்.

பணம் போனால் உடனே வங்கியிடமும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் அளியுங்கள். வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத இழப்பை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறுகிறது. தாமதம் அந்தப் பாதுகாப்பைக் குறைத்துவிடும். தயவுசெய்து அப்பத்தாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். திட்டு வாங்கிய முதியவர் அடுத்த முறை நடந்ததை மறைத்துவிடுவார்.

கேள்வி: "முகவரி முழுமையாக இல்லாததால் உங்கள் பார்சல் நிறுத்தப்பட்டுள்ளது, இந்த இணைப்பில் திருத்துங்கள்" என்று தபால் துறையின் பெயரில் குறுஞ்செய்தி வந்தது. (திருநகர்)

பதில்: போலியானது, இணைப்பைத் தொடாதீர்கள். பார்சலை எதிர்பார்த்திருந்தால், அனுப்பியவர் தந்த எண்ணை இந்தியா போஸ்ட் இணையதளத்தில் நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள்.

கேள்வி: கே.கே.நகரில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். என் பெயரில் சென்ற பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகக் கூறி, காவல் சீருடையில் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்து, அறையை விட்டு வெளியேறக் கூடாது என்றார்.

பதில்: 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை, அம்மா. வீடியோ அழைப்பில் எந்த அதிகாரியும் கைது செய்வதில்லை. சரிபார்ப்பதற்காக உங்கள் சேமிப்பை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வதும் இல்லை. பிரதமரே 2024 அக்டோபரில் தம் வானொலி உரையில் இது குறித்து எச்சரித்தார். "யாரிடமும் சொல்லாதே" என்பதுதான் மோசடிக்காரர்களுடைய ஆயுதம். ஆகவே அழைப்பைத் துண்டித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் உடனே சொல்லுங்கள். பணம் அனுப்பியிருந்தால் வெட்கப்பட்டுத் தயங்காமல் அந்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன் தகவல் எட்டினால் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: நாங்கள் எதையும் ஆர்டர் செய்யவில்லை. ஆனால் வாசலில் எங்கள் பெயரிட்ட ஒரு பெட்டி கிடந்தது. பிரிக்கலாமா? (விளக்குத்தூண்)

பதில்: அனுப்பியவர் பெயர் இல்லாமை, எண்ணெய்க் கறை, வெளியே தெரியும் கம்பி, வழக்கமில்லாத வாசனை, தேவைக்கு மேல் சுற்றப்பட்ட டேப் ஆகியவற்றில் ஏதேனும் கண்ணில் பட்டால் பிரிக்கவோ குலுக்கவோ நகர்த்தவோ கூடாது, தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. அருகிலுள்ளவர்களை அப்புறப்படுத்தி, தள்ளிச் சென்று 112-ஐ அழையுங்கள். அத்தகைய அறிகுறி எதுவும் இல்லாத சாதாரண வணிகப் பார்சல் என்றால், அது உங்கள் பெயரும் முகவரியும் யாரிடமோ இருப்பதற்கான அடையாளம். இப்படி வரும் பார்சலுக்குக் கையில் பணம் கேட்டால் கொடுக்காமல் திருப்பி அனுப்புங்கள். உள்ளே இருக்கும் க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யாதீர்கள். இணையக் கடைக் கணக்குகளின் கடவுச்சொற்களை அன்றே மாற்றிவிடுங்கள்.