மொட்டை மாடியில் பானை, சுற்றிலும் ஐந்து வாண்டுகள்
கேளுங்கள், அக்கா சொல்கிறேன்

கேள்வி: நாங்கள் கல்லூரித் தோழிகள் மூன்று பேர். 2026 பொங்கலுக்கு யாரும் ஊருக்குப் போகவில்லை. வியாழன் முதல் ஞாயிறு வரை விடுமுறை என்பதால் மூன்று குடும்பமும் எங்கள் வீட்டில் கூடுகிறோம். இரண்டு வயது முதல் ஏழு வயது வரை ஐந்து குழந்தைகள். போன தீபாவளிக்குக் கூடியபோது பெண்கள் சமையலறையிலும் பிள்ளைகள் போனிலுமாகப் பொழுது போய்விட்டது. இந்த முறை என்ன செய்யலாம், அக்கா?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: முதல் வேலையாக, பானையைச் சமையலறையிலிருந்து வெளியே கொண்டு வாருங்கள். குடியிருப்புச் சங்கத்தில் சொல்லிவிட்டு மொட்டை மாடியிலேயே வைக்கலாம். தரையில் மணலைக் கொட்டி, அதன்மேல் செங்கல் அடுப்பு. சவுக்குக் கட்டையும் கொட்டாங்கச்சியும் போதும். மாடியில் காற்று அலைக்கழிக்கும், ஒரு பக்கம் தகரம் நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் பருத்தித் துணியே போடுங்கள். கடையில் பளபளவென்று விற்கிற பாவாடைகளில் பாதி பட்டே இல்லை, ஒரு பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

அடுப்பிலிருந்து ஆறடி தள்ளி, சுற்றிலும் காவிக் கோடு போடச் சொல்லுங்கள். போடுவது பிள்ளைகளாக இருக்கட்டும். நான் பால்வாடியில் வேலை பார்த்தவள், தானே போட்ட கோட்டைக் குழந்தை மதிக்கும் என்று அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டு வயதுக் குழந்தைக்கு மட்டும் கோடு போதாது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர், வேறு எந்த வேலையும் இல்லாமல். அப்பாக்களில் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

அப்புறம், ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்மையான வேலை கொடுங்கள். விளையாட்டுக்குக் கொடுத்த வேலை என்று தெரிந்தால் சீக்கிரம் எழுந்து போய்விடுவார்கள். பொங்கல் குழம்புக்கு மொச்சைக்காய் வாங்குவீர்கள் அல்லவா? நான்கு வயதுக் குழந்தையின் மடியில் ஒரு கிண்ணத்தை வைத்து, காயின் முனையைக் கிள்ளி, முதுகை அமுக்கக் காட்டிக் கொடுங்கள். தோல் வாய் திறக்கும், மொச்சை வழுக்கிக்கொண்டு வந்து விழும். அந்த ஆச்சரியத்தில் அரைக் கிலோ காய் உரிந்துவிடும். பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்ட இன்னொருவர். ஏழு வயதுக்காரர் கையில் போகி மேளம். இரண்டு வயதுக்கு ஒரு பாத்திரத்து அரிசியை இன்னொன்றுக்கு மாற்றுகிற வேலை, சிந்தினால் சிந்தட்டும்.

உங்கள் கூட்டத்துக்கு அரைக் கிலோ பச்சரிசி, 150 கிராம் பாசிப்பருப்பு, ஒரு கிலோ வெல்லம் சரியாக வரும். அரிசியை இரண்டாம் முறை களைந்த தண்ணீரோடு பாலைச் சேர்த்துப் பானையின் கழுத்து வரை ஊற்றுங்கள். நுரை கட்டி நன்றாகப் பொங்கி வழியும், பிள்ளைகள் காத்திருப்பதே அதற்குத்தான். அரிசி குழைந்த பிறகுதான் வெல்லப்பாகு. முன்பே ஊற்றினால் அரிசி அப்படியே விறைத்து நிற்கும்.

பானை வைக்கப் பஞ்சாங்கத்தில் நேரம் பார்ப்பதோடு, சின்னக் குழந்தை தூங்கும் நேரத்தையும் பாருங்கள். அதற்கு முன்னால் பொங்கி, படைத்து, ஊட்டி முடித்துவிட வேண்டும். கரும்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: நான்கு வயதுக்குக் கீழ் துண்டு வேண்டாம், சக்கை தொண்டையில் அடைக்கும். சாறு பிழிந்து கொடுங்கள்.

கேள்வி: காணும் பொங்கலுக்குக் குழந்தைகளை மெரினாவுக்கு அழைத்துப் போகலாமா, வண்டலூருக்கா?
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: கைக்குழந்தையும் சின்னப் பிள்ளைகளுமாக அன்றைக்கு இரண்டும் வேண்டாம். மெரினாவில் போலீசாரே பிள்ளைகளின் கையில் பெற்றோரின் போன் எண் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள், கூட்டம் அப்படி. எங்கே போனாலும் அதைப் போல நீங்களும் ஒன்று கட்டிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் சனிக்கிழமை வீட்டில் இருந்துவிட்டு, ஞாயிறு விடியற்காலை வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குக் கிளம்பச் சொல்வேன். சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். தை மாதத்தில் ஏரிக்குள் மரமெல்லாம் பறவையாக இருக்கும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, தட்டை அலகோடு தண்ணீரைத் துழாவும் கரண்டிவாயன். பேரைச் சொன்னாலே சின்னவர்கள் சிரிப்பார்கள். கரையில் நடந்தபடியே ஒன்றைச் சொல்லுங்கள்: பறவைகளின் எச்சம் கலந்த இந்த ஏரித் தண்ணீர்தான் பக்கத்து வயல்களுக்கு உரம். அதனால்தான் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இவற்றைக் காக்கிறார்கள், தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. 1798லேயே வெள்ளைக்கார கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய ஊர் இது. பொங்கல் வைக்கிற நெல்லுக்கும் நாரைக்கும் உள்ள உறவு ஆறு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி 'இ-பேர்ட்' தளத்தில் பதிய வேண்டும். பள்ளிக்குப் போகிற பிள்ளை கையில் நோட்டும் பென்சிலும் கொடுங்கள்.

திரும்புவது மதியத்துக்குள் இருக்கட்டும். ஊருக்குப் போனவர்கள் எல்லாம் அன்று மாலைதான் சென்னைக்குத் திரும்பும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் வருவார்கள். பெருங்களத்தூரில் மாட்டினால் குழந்தைகள் பாடு திண்டாட்டம்.

கேள்வி: தோழியின் மகன் எங்கள் மகளைத் தள்ளிவிடுகிறான். கண்டித்தால் தோழி வருத்தப்படுவாளோ?
- வாசகி, தாம்பரம்

பதில்: பண்டிகைக்கு முன்பே போனில் பேசிவிடுங்கள். "யார் பக்கத்தில் இருக்கிறோமோ அவர் விலக்கிவிடுவோம், பெற்றவர் மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசட்டும்" என்று இருவரும் ஒத்துக்கொண்டால் மனத்தாங்கல் வராது. மகளுக்கு உயிரான பொம்மையை அன்று பீரோவில் வைத்துவிடுங்கள். இன்னொன்று, சண்டை பெரும்பாலும் பசி நேரத்தில்தான் வரும். 12 மணிக்கே பிள்ளைகளுக்கு இலை போட்டுவிடுங்கள். பெரியவர்கள் பந்தி அப்புறம் நடக்கட்டும்.